கத்ரினேத்தா கப்பலில் ஏறுவது எப்படி: போர்ச்சுகல் கதைப்பாடல்களுக்குப் புதியவர்களுக்கு

போர்ச்சுகல் பாட்டு என்றாலே பலருக்கும் ஃபாதுதான் ஞாபகம் வரும். கறுப்புச் சால்வை, மங்கின விளக்கு, பன்னிரண்டு தந்தி கித்தார், நெஞ்சைப் பிழிகிற குரல். நானும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். போய், ரொம்ப நாள் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஃபாது 19-ஆம் நூற்றாண்டு லிஸ்பனின் சந்துகளில் வளர்ந்த நகரத்துப் பாட்டு. அதற்குப் பல நூறு வருஷம் முன்னாலிருந்தே கிராமங்களில் அறுப்பு வயலிலும் அடுப்படியிலும் திருவிழாத் தெருவிலும் பாடிவந்த பாட்டுகள் வேறு. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, மொழியும் தெரிய வேண்டாம். ஒரு நோட்டும் இயர்போனும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நூறு பாட்டைச் சேர்த்து வைக்காதீர்கள். ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, அதைப் பத்துப் பேர் எப்படிப் பாடியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இதற்கான ஏற்பாடுதான்.

முதலில் நாலு சொல்

போர்ச்சுகீசியத்தில் "ரொமான்ஸ்" என்றால் இங்கே காதல் என்று பொருள் இல்லை. கதை சொல்கிற பாட்டு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட பாட்டுகளின் தொகுப்பு "ரொமன்செய்ரு". கதை இல்லாத சின்னப் பாட்டு "கன்திகா". அதில் பெரும்பாலும் நாலடிச் செய்யுள்கள் இருக்கும். ஒவ்வொரு நாலடியும் "குவாத்ரா". தெற்கே அலென்தேஜு பகுதிக்குப் போனால் பாட்டையே "மோதா" என்பார்கள்.

இணையத்தில் தேடும்போது ஒரு குழப்பம் வரும். சொல்லின் கடைசியில் நான் "உ" என்று எழுதுகிற இடத்தில் அவர்கள் எழுதுவது "ஓ" எழுத்து. எழுதுவது ஓ, சொல்வது உ. ஃபாது, ரொமன்செய்ரு, மொன்சாந்து எல்லாம் அப்படித்தான். இது தெரியாமல் நான் வீணாக்கிய நேரம் கொஞ்சநஞ்சமில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் உச்சரிப்பு கேட்டுப் பார்ப்பதானால் ஐரோப்பியப் போர்ச்சுகீசியம் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரேசில்காரர்கள் உயிரெழுத்துகளை விரித்துச் சொல்வார்கள். போர்ச்சுகல்காரர்கள் பாதியை விழுங்கிவிடுவார்கள். சொல்லின் கடைசி "ஸ்" அவர்கள் வாயில் "ஷ்" ஆகிவிடும்.

ஜன்னலில் தொடங்குங்கள்

கதைப்பாட்டுக்குப் போகும் முன் காதைப் பழக்க ஒரு சின்னப் பாட்டு. அலென்தேஜுவின் பழைய மோதா ஒன்று இப்படித் தொடங்கும்: "மெனீனா, ஷ்தாஷ் ஆ ஜனேலா." பெண்ணே, ஜன்னலில் நிற்கிறாய், கூந்தலை நிலவுக்குக் காட்டியபடி, உன்னிடமிருந்து ஒரு பரிசு வாங்காமல் நான் இந்த இடத்தை விட்டுப் போவதாயில்லை. விஷயம் இவ்வளவுதான். ரெதொந்து ஊரிலிருந்து வந்த பாடகர் வித்தொரீனு இதைப் பாடிப் பிரபலமாக்கினார்.

"ஜனேலா" காதில் விழுந்ததும் புரிந்துவிட்டதல்லவா? நம் ஜன்னல் அங்கிருந்து வந்ததுதான். மேசை, சாவி, அலமாரி, துவாலை, பாதிரி எல்லாமே அப்படி வந்தவை. இலங்கைத் தமிழர்களுக்கு இன்னும் லாபம்: பாண், சப்பாத்து, குசினி என்று அவர்களிடம் கூடுதலாக உண்டு. பாட்டுகளில் இந்தச் சொற்கள் அடிக்கடி தலைகாட்டும். அறிமுகமில்லாத ஊரில் தெரிந்த முகம் எதிர்ப்பட்ட மாதிரி, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

இப்போது கப்பல்

முதல் கதைப்பாட்டாக "நாவ் கத்ரினேத்தா"வை எடுத்துக்கொள்ளுங்கள். நாவ் என்றால் பெரிய பாய்மரக் கப்பல். கேட்பதற்கு முன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊரில் அதைக் கேட்டவர்களுக்கும் கதை முன்னமே தெரியும்.

ஒரு வருஷமும் ஒரு நாளும் தாண்டியும் கப்பல் நடுக்கடலில் திரிகிறது. தின்ன ஒன்றும் மிச்சமில்லை. செருப்புத் தோலை ஊறப்போட்டு மறுநாள் சாப்பிடப் பார்க்கிறார்கள்; அது இறங்க மாட்டேன் என்கிறது. யாரை வெட்டித் தின்பது என்று சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு விழுவது கப்பல் தலைவன் பேருக்கு. அவன் ஒரு மாலுமியைப் பாய்மரத்தில் ஏற்றிவிடுகிறான்: ஏறு, ஏறு, ஸ்பெயின் நிலம் தெரிகிறதா, போர்ச்சுகல் கரை தெரிகிறதா பார்.

மேலேயிருந்து பதில் வருகிறது: ஸ்பெயினும் தெரியவில்லை, போர்ச்சுகலும் தெரியவில்லை. உன்னைக் கொல்ல உருவி நிற்கிற ஏழு வாள்தான் தெரிகிறது.

இன்னும் மேலே ஏறு என்கிறான் தலைவன். இந்தத் தடவை நல்ல சேதி. ஸ்பெயின் நிலம் தெரிகிறது, போர்ச்சுகல் மணல் தெரிகிறது. ஆரஞ்சுத் தோப்பில் மூன்று பெண்களும் தெரிகிறார்கள். ஒருத்தி தைத்துக்கொண்டிருக்கிறாள், ஒருத்தி நூல் நூற்கிறாள், மூவரில் அழகி நடுவில் உட்கார்ந்து அழுகிறாள். மூன்று பேரும் என் மகள்கள், அழகியை உனக்கே கட்டித் தருகிறேன் என்கிறான் தலைவன். உன் மகள் வேண்டாம், வளர்க்க நீ பட்ட பாடு அது. எண்ணமுடியாத பணம்? வேண்டாம், சம்பாதிக்க நீ பட்ட பாடு. வெள்ளைக் குதிரை? பழக்க நீ பட்ட பாடு. சரி, இந்தக் கப்பலையே எடுத்துக்கொள். எனக்கு ஓட்டத் தெரியாது. அப்புறம் என்னதான் வேண்டும்? உன் ஆத்மா.

மரத்தில் ஏறியது சாத்தான் என்று அப்போதுதான் தெரிகிறது. ஆத்மா கடவுளுக்கு, உடம்பு கடலுக்கு என்று சொல்லித் தலைவன் குதிக்கிறான். ஒரு தேவதூதன் கையில் தாங்கிக்கொள்கிறான். சாத்தான் வெடித்துப் போகிறான், கடல் அடங்குகிறது, அன்று ராத்திரி கப்பல் கரை சேர்கிறது.

இது கவிஞர் அல்மெய்தா கரெட் அச்சிட்ட வடிவத்தின் கதை. அல்கார்வ் பகுதியில் கிடைத்த ஒரு வடிவத்தில் மாலுமி கேட்பது ஆத்மாவை அல்ல, கப்பலை. அதற்குத் தலைவன் சொல்கிற பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கப்பல் ராஜாவுடையது தம்பி; ஆனால் நான் நான்தான் என்றால், ராஜாவிடமிருந்து உனக்கு வாங்கித் தருகிறேன். சாத்தான் கதை ஒரே வரியில் ஒரு வேலைக்காரனின் கூலிக் கதையாக மாறிவிடுகிறது. பிரேசிலின் வடகிழக்கில் இதே பாட்டு, மாலுமி வேஷம் கட்டி ஆடுகிற தெருக்கூத்தாகவே ஆகிப்போனது.

1565-இல் பிரேசிலின் பெர்னம்புகோவிலிருந்து லிஸ்பனுக்குக் கிளம்பிப் புயலிலும் கொள்ளையிலும் பசியிலும் சிதைந்த ஒரு கப்பலின் நிஜக் கதைதான் இது என்று படிப்பீர்கள். ஜோர்ஜ் த அல்புகெர்க்கி கொயெல்யு என்பவர் அந்தக் கப்பலில் இருந்தார். பொருத்தம் இருக்கிறது. ஆனால் பட்டினி, சீட்டு, பாய்மரத்து உச்சி எல்லாம் கடலோடிகள் எல்லாருக்கும் பொதுவான சங்கதி. ஒரே கப்பலின் தலையில் கட்டிவிட்டால் பாட்டு சுருங்கிப்போகும் என்பது என் அபிப்பிராயம்.

விரலில் எண்ணுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஐந்து நிமிஷ வேலை. பாட்டின் முதல் இரண்டு அடி:

லா–வெய்ம்–அ–நாவ்–க–த்ரி–நே–த்தா
கெ–தெய்ம்–முய்ந்–து–கெ–கொன்–தார்

"இதோ வருகிறது நாவ் கத்ரினேத்தா, சொல்ல நிறைய வைத்திருக்கிறது" என்று அர்த்தம். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். முதல் அடியில் எட்டு வருகிறது, இரண்டாவதில் ஏழு. ஆனால் போர்ச்சுகீசியக் கணக்கு கடைசியாக அழுத்தம் விழுகிற இடத்தோடு நின்றுவிடும். முதலடியில் அது "நே", இரண்டாவதில் "தார்". இரண்டுமே ஏழாவது. பின்னால் ஒட்டியிருக்கிற "த்தா"வுக்குக் கணக்கில் இடமில்லை. கிட்டத்தட்ட எல்லாக் கதைப்பாட்டுக்கும், நாலடிப் பாட்டுக்கும் இந்த ஏழுதான் அளவு.

அடுத்தது இயைபு. இரண்டாம் அடி, நாலாம் அடி, ஆறாம் அடி என்று போய்க்கொண்டே இருக்கும். கொன்தார், மத்தார், பொர்துகால், ஜெனரால்: மெய் மாறலாம், அழுத்தம் விழுகிற உயிர் மாறக்கூடாது. கப்பல் பாட்டு முழுக்க அந்த "ஆ"தான் ஓடுகிறது. கேட்கும்போது ஒன்றுவிட்டு ஒரு அடி முடிவில் அந்த உயிரை மட்டும் பிடித்துக்கொண்டால், சொல் புரியாமலேயே எங்கே அடி முடிகிறது, எங்கே பாடுகிறவர் மறந்துபோய் வேறு பாட்டிலிருந்து இரவல் வாங்கினார் என்றுகூடத் தெரிந்துவிடும். உயிர் சட்டென்று "ஆ"விலிருந்து "ஈ"க்கு மாறினால் அங்கே ஒரு ஒட்டு இருக்கிறது.

நோட்டில் கட்டம் போடுங்கள்

இரண்டாவது பாட்டு "பேலா இன்ஃபான்தா". அழகான இளவரசி தோட்டத்தில் உட்கார்ந்து தங்கச் சீப்பால் தலை வாருகிறாள். கடலில் ஒரு கப்பற்படை வருகிறது. தலைவனிடம் தன் புருஷனைப் பார்த்தாயா என்று விசாரிக்கிறாள். அடையாளம் கேட்டுவிட்டு, அவன் செத்துப்போனான் என்கிறான். அவள் அழுகிறாள். அவனைக் கொண்டுவந்து சேர்த்தால் என்ன தருவாய்? மூன்று ஆலை, தங்கமும் தந்தமுமான கூரை ஓடு, மூன்று மகள்கள். எதுவும் அவனுக்கு வேண்டாம். நீ வேண்டும் என்கிறான். அவளுக்குக் கோபம் வருகிறது: இப்படிப் பேசுகிறவனைக் குதிரை வாலில் கட்டித் தோட்டத்தைச் சுற்றி இழுக்கச் சொல்வேன்! அப்போது அவன் கேட்கிறான்: ஏழு கல் பதித்த மோதிரத்தை உன்னோடு பங்கு போட்டேனே, உன் பாதி எங்கே? என் பாதி இதோ.

இதற்கு எத்தனையோ பாடபேதம். நான் செய்வது இது: நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு வரிசை. எந்த ஊர், பாடியது ஆணா பெண்ணா, அவள் என்னென்ன தருவதாகச் சொன்னாள், கோபத்தில் என்ன சொன்னாள், மோதிரம் வந்ததா, எப்படி முடிந்தது. ஐந்து வரிசை நிரம்பும்போதே தெரிந்துவிடும். ஏழைக் கிராமத்தில் தங்க ஓடு காணாமல் போகும். சில இடத்தில் மகள்கள் இல்லை. எதை மறந்தார்கள், எதை விடவே மாட்டேன் என்கிறார்கள் என்பது அந்தக் கட்டத்தில்தான் தெரியும், எந்த முன்னுரையிலும் தெரியாது.

வடிவங்களுக்கு எங்கே போவது? அல்கார்வ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ரொமன்செய்ரு ஆவணக் காப்பகம் ஆயிரக்கணக்கான வடிவங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அச்சில் வேண்டுமென்றால் பழைய தொகுப்புகள் பதிப்புரிமை தீர்ந்து இலவசமாகக் கிடைக்கின்றன. கரெட் தன் தொகுப்பின் முதல் பகுதியை 1843-இலும் மற்ற இரண்டை 1851-இலும் வெளியிட்டார். படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அவர் கவிஞர், கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார். பல வடிவங்களை ஒட்டிச் செதுக்கி மெருகு போட்டிருக்கிறார். அதனால் உங்கள் கட்டத்தில் கரெட் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவையுங்கள். அடுத்து தியோஃபிலு பிராகா, 1867. இவர் 1910-இல் குடியரசு வந்தபோது தற்காலிக அரசின் தலைவரானார். பாட்டுச் சேகரித்தவர் நாடாண்ட அபூர்வம். ஜொஸே லெய்த்தி த வஷ்கொன்செலுஷ் சேர்த்தவை அவர் காலமான பிறகு, 1958-லிருந்து 1960-க்குள், இரண்டு பகுதியாக வந்தன. நம்பிப் படிக்க அது நல்லது, மெருகு குறைவு.

காதுக்கு

எழுத்தில் மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். ஒலிக்கு முதல் பெயர் மிஷேல் ஜியாகொமெத்தி. கோர்சிகா தீவுக்காரர். 1959-இல் போர்ச்சுகலுக்கு வந்தவர், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். இசையமைப்பாளர் ஃபெர்னாந்து லோப்பிஷ் கிராசாவோடு சேர்ந்து 1960 முதல் 1970 வரை ஐந்து இசைத்தட்டுகள் வெளியிட்டார், ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று. உறை சாக்குத் துணி. இன்றும் அவற்றைச் சாக்குத் தட்டுகள் என்றே சொல்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் அரசுத் தொலைக்காட்சிக்கு "பாடும் மக்கள்" என்ற பொருளில் ஒரு தொடரும் செய்தார். முதலில் அதைப் பாருங்கள். பாடுகிறவர் கை என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்தால், தாளம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். 1990-இல் காலமான அவரை அலென்தேஜுவின் பெரொகுவார்தா என்ற சின்ன ஊரில், அவர் விருப்பப்படி, அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் சேர்த்த வாத்தியங்களை லிஸ்பனுக்குப் பக்கத்தில் மொன்த் எஷ்தொரிலில் உள்ள போர்ச்சுகீசிய இசை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பழைய பதிவைக் கேட்கும்போது முதல் தடவை எரிச்சல் வரலாம். குரல் நடுங்கும், சுருதி அலையும், பின்னால் யாராவது இருமுவார்கள். மூன்றாவது தடவைக்கு மேல்தான் சுகம். பாடுகிறவர் அழுது பாடமாட்டார் என்பதைக் கவனியுங்கள். கொலை நடந்தாலும் குரல் மாறாது. அதே மெட்டு, அதே வேகம். ஃபாதுவிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி.

2011-லிருந்து தியாகு பெரெய்ரா என்பவர் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். திட்டத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் "தன்னைத்தானே நேசிக்கும் போர்ச்சுகீசிய இசை". இலவசம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுதும் போய்விடும்.

வரைபடத்தை விரியுங்கள்

நாடு சின்னது, ஆனால் பாட்டு ஊருக்கு ஊர் வேறு. கதைப்பாட்டுக்கு வடகிழக்கு மூலையான டிராஷ்–உஷ்–மொந்திஷ். அங்கே ரை தானிய அறுப்பில், காலைக்கு ஒரு கதை, உச்சிக்கு ஒரு கதை, சாயங்காலத்துக்கு ஒரு கதை என்று வேளை குறித்துப் பாடினார்கள். கடிகாரம் இல்லாத வயலில் பாட்டே நேரம் சொன்னது. அதே மூலையில் மிராந்தா து தோரு பகுதி. அங்கே பேச்சே வேறு, மிராந்தேஷ் மொழி. 1999-இல்தான் சட்டம் அதை அங்கீகரித்தது. ஆண்கள் தோல்பை வாத்தியம் ஊதி, கோலாட்டம் மாதிரிக் கம்பு தட்டி ஆடுவார்கள்.

என் மனசு நிற்பது கிழக்கே பெய்ரா பய்ஷாவில். அங்கே பெண்களின் வாத்தியம் அதூஃப். சதுரமான மரச் சட்டம், இரண்டு பக்கமும் தோல், உள்ளே விதையோ சோடா மூடியோ போட்டிருப்பார்கள், தட்டும்போது கூடவே சலசலக்கும். கட்டைவிரல்களில் தூக்கிப் பிடித்து, மற்ற விரல்களால் தட்டுவது. பேரே அரபுப் பேர், அத்–துஃப். மொன்சாந்து ஊரில் மே மாதத் தொடக்கத்தில் சிலுவைத் திருவிழா. பெண்கள் அதூஃப் தட்டிப் பாடிக்கொண்டே பாறைமேல் இருக்கும் கோட்டைக்கு ஏறி, பூ நிரப்பிய வெள்ளைப் பானைகளை மதிலிலிருந்து கீழே போடுவார்கள். அந்தப் பானை ஒரு கன்றுக்கு அடையாளம்: முற்றுகையின்போது மிச்சமிருந்த ஒரே கன்றுக்குக் கடைசித் தானியத்தையும் ஊட்டி மதிலுக்கு வெளியே எறிந்து, உள்ளே இன்னும் நிறைய இருக்கிறது என்று எதிரியை ஏமாற்றினார்களாம். பக்கத்துப் பென்யா கார்சியாவின் இடைச்சி கத்தரீனா ஷீத்தாஷ் பாடி அதூஃப் தட்டியதை ஜியாகொமெத்தி பதிந்திருக்கிறார். அதைத் தவறவிடாதீர்கள்.

அலென்தேஜுவின் கூட்டுப் பாட்டுக்கு வாத்தியமே கிடையாது. ஒருவர் தொடங்குவார், இரண்டாமவர் மேல்குரலில் பிடிப்பார், பிறகு கூட்டம் முழுக்கச் சேரும், நிதானமாக, தோளோடு தோள் ஒட்டி நடந்தபடி. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இது. அதே நடையில் பாடகர் ஜொஸே அஃபொன்ஸு 1971-இல் பதிந்த "க்ராந்தொலா" பாட்டுதான் 1974 ஏப்ரல் 25 அதிகாலை வானொலியில் ஒலித்து, சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த படையினருக்குச் சமிக்ஞை ஆனது. அது அவர் எழுதியது, நாட்டார் பாட்டு அல்ல. ஆனால் அதன் தொடக்கத்துக் காலடிச் சத்தம் கேட்கும்போது மேலே சொன்ன நடை ஞாபகம் வரட்டும்.

வடமேற்கு மின்யுவில் எதிர்ப்பாட்டுப் போட்டி, கூடவே கையடக்க அக்கார்டியன். அசோர், மதெய்ரா தீவுகளில் பழைய கதைகள் நிறையத் தங்கின. மதெய்ராவின் குட்டித் தந்தி வாத்தியம் 1879-இல் கூலிக்குப் போனவர்களோடு ஹவாய்க்குப் போய் யுகலேலி ஆனது தனிக் கதை.

நம் பக்கத்திலும் ஒரு கிளை உண்டு. மட்டக்களப்பு, திருகோணமலைப் போர்த்துக்கேயப் பறங்கியர் தமிழர் நடுவிலேயே வாழ்ந்து, தங்கள் கிரியோல் மொழியில் கன்திகாக்களைக் காப்பாற்றி வந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ நெவில் சேர்த்துவைத்த ஒரு கையெழுத்துத் தொகுப்பு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அவர்கள் கல்யாண வீட்டில் ஆடுகிற கஃப்ரிஞ்ஞா வழியாகத்தான் இலங்கை முழுக்கத் தெரிந்த பைலா இசை வந்தது. குவாத்ரா பழகின காதுக்கு அந்தக் கன்திகாக்களின் நாலடி உடனே பிடிபடும்.

மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்கள்

ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரிப் புன்னகை, மேடை: இதற்கு "ராஞ்ஷு" என்று பேர். சில குழுக்கள் அருமை. ஆனால் 1930-களிலிருந்து சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி கிராமத்தை அழகான படமாக்கிக் காட்ட இவற்றை ஊக்குவித்தது. மொன்சாந்துவுக்கே 1938-இல் "போர்ச்சுகலின் அசல் கிராமம்" என்று வெள்ளிச் சேவல் பரிசு கொடுத்தார்கள். அதனால் மேடையில் பார்ப்பதை வயலில் நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் வந்தால் அதே பாட்டுக்கு ஒரு பழைய ஒலிப்பதிவைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். புதுக் குழுக்களில் 1975-இல் கொயிம்ப்ராவில் தொடங்கிய பிரிகாதா விக்தொர் ஜாரா, மிராந்தேஷ் மொழியில் பாடுகிற "கலாந்தும் கலுந்தய்னா" இரண்டும் நல்ல தொடக்கம்.

அங்கே நேரில் போகிற பாக்கியம் கிடைத்தால் ஒன்று. பாட்டியிடம் போய் "ரொமான்ஸ் தெரியுமா" என்று கேட்காதீர்கள். அது புத்தகச் சொல். தெரியாது என்றுதான் பதில் வரும். அறுப்பில் என்ன பாடினீர்கள், சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மா நூற்கும்போது என்ன சொன்னாள் என்று கேளுங்கள். அதுவும் வரவில்லையென்றால், நீங்களே முதல் அடியைத் தப்பும் தவறுமாகச் சொல்லுங்கள்: லா வெய்ம் அ நாவ் கத்ரினேத்தா. தப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது. திருத்துவதற்காகவாவது வாயைத் திறப்பார்கள்.